ஷட்டிலின் இடுக்குகளை அடைத்தால் ஏன் தூரமாகப் பறக்கிறது?

பின்கோடு எழுதியது:

வணக்கம். நேற்று பேட்மிண்டன் பயிற்சியில் நடந்த ஒன்று மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஓர் இறகு ஷட்டிலில் கார்க்குக்குப் பக்கத்தில் இரண்டு தண்டுகள் தளர்ந்திருந்தன. தூக்கிப் போட மனம் வரவில்லை. மெல்லிய செல்லோடேப்பை எடுத்துத் தண்டுகள் மேல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினேன். கார்க்குக்கு மேலே, இறகின் அகன்ற பகுதி தொடங்குவதற்கு முன்னால், வெறும் தண்டுகள் மட்டும் கம்பி வேலி போல நிற்குமே, அந்த இடம். தண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகள் எல்லாம் அடைபட்டுவிட்டன. காற்று போக வழியில்லாததால் இனி மந்தமாகத்தான் பறக்கும், பழகுவதற்கு ஆகும் என்று நினைத்தேன்.

ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்று கீழ்க்கை வீச்சில் முழு பலத்தோடு அடித்துப் பார்த்தேன். டேப் ஒட்டுவதற்கு முன் இதே ஷட்டில் எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு ஏறக்குறைய 70 செ.மீ. முன்னால் விழுந்துகொண்டிருந்தது. இப்போது கோட்டைத் தாண்டி இரண்டு ராக்கெட் நீளம் போய் விழுந்தது. பத்து முறை அடித்தேன், பத்து முறையும் வெளியே.

காற்றுக்கு வழியை அடைத்தால் தடை கூடத்தானே வேண்டும்? எப்படிக் குறைந்தது?

கார்க்முனை எழுதியது:

டேப்பின் எடைதான் காரணம், வேறொன்றும் இல்லை. ஷட்டிலின் வேகத்தைத் தயாரிப்பாளர்களே எடையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஷட்டில் அடைத்து வரும் குழாய் மேல் 75, 76, 77, 78, 79 என்று போட்டிருப்பது கிரெயின் கணக்கு. ஒரு கிரெயின் 0.065 கிராம். 77 என்றால் ஏறக்குறைய 5 கிராம். ஒரு எண் கூடினால் ஷட்டில் சுமார் 30 செ.மீ. தள்ளி விழும். நீங்கள் ஒட்டிய டேப் குறைந்தது ஒரு எண்ணுக்குச் சமமாக இருக்கும்.

பின்கோடு எழுதியது:

நண்பரே, எடையை நானும் யோசித்தேன். டேப்பைப் பிரித்து, நுண்தராசு வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துப் பார்த்தேன். 0.08 கிராம். உங்கள் கணக்குப்படியே ஒரு எண்ணுக்குச் சற்று மேல். அப்படியானால் 30, மிஞ்சினால் 40 செ.மீ. கூடியிருக்க வேண்டும். எனக்குக் கூடியது 2 மீட்டர். மிச்சம் எங்கிருந்து வந்தது?

வளிமகள் எழுதியது:

இயற்பியல் கற்பிக்கிறேன், வாரத்தில் நான்கு நாள் ஆடுகிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. இடுக்கு விஷயத்துக்கு வருவதற்கு முன்னால், ஷட்டில் காற்றோடு எவ்வளவு பெரிய சண்டை போடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் இது புரியாது.

ஷட்டிலை உயரத்திலிருந்து சும்மா விட்டால் கொஞ்ச தூரம் வேகம் கூடும், அப்புறம் கூடாது. காற்று மேல்நோக்கித் தள்ளும் விசையும் எடையும் சமமாகிவிடும். அந்த நிலையில் ஷட்டில் நொடிக்கு ஏறக்குறைய 6.8 மீட்டர் வேகத்தில் விழுகிறது. மணிக்கு 24 கி.மீ.தான், சைக்கிளை வேகமாக மிதித்தால் வரும் வேகம். டென்னிஸ் பந்துக்கு இதே நிலை நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டித்தான் வரும்.

இந்த ஒரு எண் கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிடலாம். காற்றின் இழுவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 6.8 மீட்டர் வேகத்தில் இழுவிசை ஷட்டிலின் எடைக்குச் சமம், அதாவது 5 கிராம் எடைக்கு. மணிக்கு 400 கி.மீ. ஸ்மாஷ் (மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடிப்பது) என்றால் நொடிக்கு 111 மீட்டர். அது 6.8-ஐப் போல 16 மடங்கு. இருமடி எடுத்தால் சுமார் 267. ஆக, ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் ஷட்டிலைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசை தன் எடையைப் போல 267 மடங்கு, 1.3 கிலோ எடைக்குச் சமம். ஐந்து கிராம் பொருளின் மீது! உள்ளங்கையில் ஒரு ஷட்டிலை வைத்துக்கொண்டு இதை நினைத்துப் பாருங்கள்.

இதனால் என்ன ஆகிறது என்றால், நேராகப் பறக்கும் ஷட்டில் ஒவ்வொரு 3.3 மீட்டருக்கும் வேகத்தில் பாதியை இழக்கிறது. எவ்வளவு வேகமாக அடித்தாலும் சரி, மெதுவாக அடித்தாலும் சரி, பாதியாகும் தூரம் ஏறக்குறைய அதேதான். டென்னிஸ் பந்துக்கு அந்தத் தூரம் சுமார் 35 மீட்டர்.

இடுக்கைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

புதுஇறகு எழுதியது:

டீச்சர், ஒரு சந்தேகம். இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி 2023இல் மணிக்கு 565 கி.மீ. வேகத்தில் அடித்து உலக சாதனை செய்தார் என்று படித்தேன். அப்படியானால் எதிரே நிற்பவர் அதை எப்படி எடுக்க முடியும்? கண்ணுக்கே தெரியாதே.

வளிமகள் எழுதியது:

565 என்பது ராக்கெட்டை விட்டுக் கிளம்பிய உடனே அளந்த வேகம். அதுவும் ஆட்டத்துக்கு நடுவில் அடித்ததல்ல, அளப்பதற்காகவே ஏற்பாடு செய்து அடித்தது. பாதியாகும் தூரத்தை வைத்துப் பார்த்தால் 10 மீட்டர் தாண்டும்போது அது எட்டில் ஒரு பங்குக்கு வந்துவிடும், மணிக்கு 70 கி.மீ. சுற்றளவில்.

நேரத்தையும் பாருங்கள். 400 கி.மீ. வேகம் குறையாமல் இருந்தால் 10 மீட்டரைக் கடக்க 0.09 நொடி போதும், யாரும் ராக்கெட்டைக்கூட அசைக்க முடியாது. காற்று இழுப்பதால் 0.3 நொடி ஆகிறது. ஸ்மாஷை எடுத்துத் திருப்பி அடிக்க முடிவதே அந்தக் கூடுதல் 0.2 நொடியால்தான். இந்த ஆட்டத்தையே காற்றுதான் நடத்துகிறது என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

களப்பயிற்சி எழுதியது:

இருபது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குக் கற்றுத் தருகிறேன். டீச்சர் சொன்ன கணக்கைக் களத்தில் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் செய்யும் ஒரு தவறு, கிளியர் (எதிர்ப்பக்கத்தின் பின்பகுதிக்கு உயரமாக அடிப்பது) பின்கோட்டுக்குப் போகவில்லை என்றால் இன்னும் பலமாக அடிப்பது. தோள் வலிக்கும், ஷட்டில் மட்டும் நடுக்களத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும். சுவரில் முட்டியது போல ஓரிடம் வரை போகும், அப்புறம் செங்குத்தாகக் கீழே இறங்கும். கிரிக்கெட் பந்தின் பாதை வில் போல இரு பக்கமும் ஒரே மாதிரி வளையும். ஷட்டிலின் பாதை அப்படி இல்லை. ஏறும் பக்கம் நீளமாகச் சாய்வு, இறங்கும் பக்கம் குட்டையாகக் கிட்டத்தட்ட நேர்க்கோடு.

அதனால் நான் பலத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஷட்டிலை உடம்புக்கு முன்னால், உயரத்தில் சந்திக்கிறாயா, முகம் நேராகப் படுகிறதா என்றுதான் பார்ப்பேன். சரியான கோணத்தில் அடித்த மெலிந்த பையனின் கிளியர், தப்பான கோணத்தில் அடித்த பலசாலியின் கிளியரைவிடப் பின்னால் விழுவதைத் தினமும் பார்க்கிறேன்.

உயர சர்வீஸும் அப்படித்தான். ஒற்றையர் ஆட்டத்தில் பின்கோட்டுக்குப் போகும் உயர சர்வீஸ் தலைக்கு மேலே நேராக இறங்கும். கார்க் தரையைப் பார்த்தபடி வரும் ஷட்டிலை நேராக ஸ்மாஷ் அடிப்பது சிரமம், ராக்கெட் முகம் கார்க்கின் பக்கவாட்டில்தான் படும். கொஞ்சம் தாழ்வாக வந்தால் அதே ஷட்டில் சாய்ந்து வரும், கார்க் நம்மைப் பார்க்கும், அடிக்க வசதி. உயரம் ஒரு மீட்டர் குறைவதற்குள் சர்வீஸின் தரமே மாறிவிடுகிறது.

வளிமகள் எழுதியது:

கோச், நீங்கள் சொன்ன சுவருக்கு எண்ணும் இருக்கிறது. 45 பாகைக் கோணத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அடித்தால், காற்றே இல்லாத இடத்தில் 79 மீட்டர் போக வேண்டிய ஷட்டில், காற்றில் 6 முதல் 7 மீட்டர்தான் போகும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால்? காற்றில்லாத இடத்தில் தூரம் நான்கு மடங்காகும். காற்றில் கூடுவது இரண்டே கால் மீட்டர் அளவுதான். பிள்ளைகளின் தோள் வலிப்பதில் ஆச்சரியம் இல்லை.

பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதர் தார்தாக்லியா பீரங்கிக் குண்டின் பாதையை வரைந்தபோது, நேர்க்கோடாக ஏறி, சிறு வளைவு போட்டு, நேராக விழுவதாக வரைந்தார். பின்னால் கலீலியோ வந்து அது பரவளையம் என்று காட்டினார். ஆனால் காற்றின் இழுவிசை மிக அதிகமாக இருக்கும் பொருளுக்குத் தார்தாக்லியாவின் படம்தான் அசலுக்கு அருகில் வருகிறது. ஷட்டிலைப் பார்த்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார்.

கார்க்முனை எழுதியது:

எல்லாம் சரி, டீச்சர். ஆனால் மூலக் கேள்வி அப்படியே கிடக்கிறது. பாராசூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் துளை வைத்திருக்கிறார்கள், காற்று கொஞ்சம் வெளியேறுவதால் ஆடாமல் இறங்குகிறது. துளையைப் பெரிதாக்கினால் தடை குறைந்து வேகமாக விழும். அப்படியானால் ஷட்டிலின் இடுக்கை அடைத்தால் தடை கூடத்தான் வேண்டும். பின்கோடு நண்பர் அடித்தது மாறியிருக்கும். பத்து முறை அடித்தாலும் கை ஒரே மாதிரி அடிக்கும் என்று எப்படி நம்புவது?

வளிமகள் எழுதியது:

நல்ல கேள்வி. பாராசூட்டோடு ஒப்பிட்டதால் எங்கே பிசகுகிறது என்று சொல்ல எனக்கும் வசதியாகிவிட்டது.

பாராசூட் வாயைக் கீழே வைத்துக்கொண்டு காற்றை வாரிப் பிடிக்கிறது. குழிந்த பக்கம் காற்றைப் பார்க்கிறது. ஷட்டில் தலைகீழ். கார்க் முன்னால், விரிந்த வாய் பின்னால். காற்றைப் பிடிக்கும் கிண்ணம் அல்ல, காற்றைக் கிழித்துப் போகும் கூம்பு. பிடித்து வைத்த காற்றே இல்லை என்றால் துளை வழியே எது வெளியேறும்? ஷட்டிலின் இடுக்கு வழியே காற்று உள்ளே வருகிறது, வெளியே போவதில்லை.

இப்போது ஒரு ஷட்டிலைக் கையில் எடுத்துக் கார்க் பக்கமிருந்து மெதுவாகப் பாருங்கள். முதலில் உருண்டை கார்க். அதன் விட்டம் 25 முதல் 28 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் 16 தண்டுகள், இரண்டு வரிசை நூலால் கட்டிப் பசை தடவியிருக்கும். அந்தத் தண்டுகள் மெலிதாக, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கின்றன. அப்புறம் இறகுகள் அகன்று ஒன்றன் மேல் ஒன்று ஏறி, வாயில் 58 முதல் 68 மில்லிமீட்டர் வட்டமாக முடிகின்றன.

கார்க்கைச் சுற்றிக்கொண்டு வரும் காற்று அந்தத் தண்டு வேலிக்கு வந்ததும் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு கூம்புக்கு வெளியே வழிந்து போகிறது. இன்னொரு பங்கு இடுக்குகளில் புகுந்து கூம்புக்குள் பீய்ச்சி அடிக்கிறது. 16 இடுக்கு, 16 சிறு பீச்சுகள். உள்ளே அவை சுழிகளாகச் சுருண்டு, ஒன்றோடொன்று கலந்து, பின்வாய் வழியே கலங்கிய காற்றாக வெளியேறுகின்றன. தண்டுகளும் இறகின் கூரான ஓரங்களும் அந்த ஓட்டத்தை மேலும் கிழிக்கின்றன.

பொருள் போன பின் காற்றில் எவ்வளவு கலக்கம் மிஞ்சுகிறதோ, அவ்வளவு ஆற்றலை அந்தப் பொருள் இழந்திருக்கிறது. இழுவிசையின் கணக்கு அதுதான். இடுக்கை அடைத்தால் காற்று வழுவழுப்பான மூடிய கூம்பின் மேல் ஓடிப் போய்விடுகிறது, உள்ளே கலக்குவதற்குக் காற்று நுழைவதில்லை. கலக்கம் குறைகிறது, இழுவிசையும் குறைகிறது. இது என் ஊகம் அல்ல. காற்றுச் சுரங்கத்தில், அதாவது காற்றை ஊதி இழுவிசையை அளக்கும் கூண்டில், இடுக்கை அடைத்த ஷட்டிலையும் அடைக்காததையும் வைத்து அளந்தவர்கள் அடைத்ததில் இழுவிசை கணிசமாகக் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். கான்பூர் ஐஐடிக்காரர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இடுக்கு வழியே நுழையும் காற்றின் பங்கைத் துருவிப் பார்த்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு ஷட்டிலில் கண்ணுக்கு அழகாகத் தெரிவது இறகின் வெண்மையான அகன்ற பகுதி. ஆனால் அதன் பறத்தலில் பெரும்பங்கைத் தீர்மானிப்பது, யாரும் உற்றுப் பார்க்காத ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெற்றிடம்.

கை மாறியிருக்கும் என்கிறீர்கள், நியாயம்தான். அப்படியானால் கையையே விட்டுவிடுவோம். பின்கோடு, மாடிப்படிச் சந்து உயரமாக உள்ள கட்டடம் கிடைக்குமா? ஒரே எண்ணுள்ள மூன்று ஷட்டில் எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் இடுக்கை அடையுங்கள். மூன்றாவதில் அதே நீள டேப்பைக் கார்க்கைச் சுற்றி ஒட்டுங்கள், எடை கூடும், இடுக்கு திறந்திருக்கும். கைபேசியில் மெதுவேகக் காணொளி எடுத்துக்கொண்டே விடுங்கள்.

களநடுவர் எழுதியது:

இடையில் ஒரு விதி விளக்கம். பின்கோடு செய்த கீழ்க்கை வீச்சுச் சோதனைதான் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பின் விதியிலும் இருக்கிறது. பின்கோட்டுக்கு மேலிருந்து, பக்கக்கோட்டுக்கு இணையாக, மேல்நோக்கி அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மிகாமலும் முன்னால் விழுந்தால் அது சரியான வேகமுள்ள ஷட்டில். எடை 4.74 முதல் 5.50 கிராம், இறகின் நீளம் 62 முதல் 70 மில்லிமீட்டர் என்றெல்லாம் விதியில் உண்டு. ஆனால் அளவு எல்லாம் பொருந்தினாலும் வெப்பமான கூடத்தில் அதே ஷட்டில் வெளியே போய் விழும். அதனால் களத்தில் அடித்துப் பார்க்கும் சோதனையைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

இன்னொன்று. இறகு நுனியை விரலால் வெளியே மடக்கினால் ஷட்டில் மந்தமாகும், உள்ளே மடக்கினால் வேகமாகும். பலருக்கு இது தெரியும். போட்டியில் தன்னிச்சையாக அப்படிச் செய்வது தவறு, அது எதிராளியின் ஆட்டத்தில் கை வைப்பது.

புதுஇறகு எழுதியது:

வெப்பமான கூடத்தில் ஏன் வெளியே போகிறது, சார்?

களநடுவர் எழுதியது:

சூடான காற்று மெலிந்திருக்கும். 10 பாகை செல்சியஸிலிருந்து 35-க்குப் போனால் காற்றின் அடர்த்தி 8 விழுக்காடு குறைகிறது. மலைப்பகுதியில் 1500 மீட்டர் உயரத்தில் சுமார் 14 விழுக்காடு குறைவு. இழுக்கும் காற்று குறைந்தால் ஷட்டில் தூரம் போகும். அதற்கு ஈடாக எடை குறைந்த எண்ணை, 75 அல்லது 76-ஐ, எடுப்போம். காற்றின் ஈரப்பதத்தால் அடர்த்தியில் வரும் மாற்றம் சொற்பம். ஆனால் இறகு ஈரத்தை உறிஞ்சும். உலர்ந்த இறகு சட்டென்று உடையும் என்பதால்தான் பலர் ஆட்டத்துக்கு முன் குழாய்க்குள் நீராவி காட்டி வைக்கிறார்கள்.

பின்கோடு எழுதியது:

செய்துவிட்டேன்!

மூன்றாவது மாடியிலிருந்து, ஏறக்குறைய 9 மீட்டர் உயரம். ஜன்னல் எல்லாம் மூடிவிட்டு, கீழே தம்பி கைபேசியோடு நின்றான். நொடிக்கு 240 படம். ஒவ்வொன்றையும் ஆறு முறை விட்டேன்.

டேப் இல்லாதது: 1.8 நொடி.
கார்க்கில் டேப்: 1.8 நொடிதான், இரண்டு மூன்று படம் முன்னே பின்னே.
இடுக்கு அடைத்தது: 1.65 நொடி.

எண்ணைவிடக் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்து, டேப் இல்லாததையும் இடுக்கு அடைத்ததையும் ஒன்றாக விட்டேன். முதல் ஒன்றிரண்டு மீட்டர் வரை ஜோடியாகவே போயின. அப்புறம் அடைத்தது மெல்லப் பிரிந்து முன்னால் போனது. அது தரையைத் தொட்டபோது மற்றது தம்பியின் இடுப்பு உயரத்தில் இருந்தது. சத்தமும் வேறு. திறந்த ஷட்டில் இறங்கும்போது மெல்லிய சலசலப்பு கேட்கிறது, அடைத்தது அமைதியாக வருகிறது.

கார்க்முனை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். கார்க்கில் ஒட்டிய டேப் என் வாதத்தை முடித்துவிட்டது. நன்றி, இப்படிப் பொறுமையாகச் செய்து காட்டியதற்கு.

இனி எனக்கு இன்னொரு கேள்வி. நைலான் ஷட்டிலில் பாவாடை (இறகுகளுக்குப் பதிலாக இருக்கும் விரிந்த பகுதி) முழுக்கச் சல்லடை போல ஓட்டைகள் இருக்கின்றன. இருந்தும் ஸ்மாஷ் அடித்தால் இறகு ஷட்டிலைவிட நைலான்தான் விர்ரென்று வருகிறது. டிராப் (வலைக்கு அருகே மெதுவாக விழவிடுவது) போட்டால் மட்டும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஏன்?

வளிமகள் எழுதியது:

வளைவதால். இறகின் தண்டு எடை குறைவு, ஆனால் விறைப்பு அதிகம். பறவை அதை வைத்துத்தானே காற்றைத் தள்ளுகிறது. அதிக வேகத்திலும் இறகுக் கூம்பு தன் வடிவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றிக்கொள்கிறது. நைலான் பாவாடை காற்றின் அழுத்தத்தில் உள்ளே சுருங்கும். முன்னால் சொன்னேனே, ஸ்மாஷில் எடையைப் போல 200 மடங்குக்கு மேல் விசை என்று. அதைத் தாங்காமல் வாய் குறுகிவிடுகிறது. குறுகிய வாய் என்றால் குறைந்த இழுவிசை. அதனால் எங்கே அதிகமாக நிறுத்த வேண்டுமோ அங்கேதான் நைலான் குறைவாக நிறுத்துகிறது. வேகம் தணிந்ததும் பாவாடை மீண்டும் விரிந்து இறகு போல நடந்துகொள்கிறது. டிராப்பில் வித்தியாசம் தெரியாததன் காரணம் இதுதான்.

செயற்கை இறகுகளைத் தனித்தனித் தண்டுகளோடு செய்து பார்ப்பவர்கள் இந்த விறைப்பைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வெல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரு ஷட்டிலின் 16 இறகும் ஒரே பக்க இறக்கையிலிருந்து, பொதுவாக இடது இறக்கையிலிருந்து வர வேண்டும். வாத்தோ தாராவோ, ஓர் இறக்கையில் முதல்தர ஷட்டிலுக்கு ஏற்ற இறகுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கடுமையான ஆட்டத்தில் எத்தனை ஷட்டில் உடைகிறது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

புதுஇறகு எழுதியது:

ஏன் ஒரே பக்க இறக்கை?

களப்பயிற்சி எழுதியது:

இதற்கு நான் சொல்கிறேன், தம்பி. இறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, ஒரு பக்கம் வளைந்திருக்கும். 16-ம் ஒரே பக்கம் வளைந்து, ஒன்றன் மேல் ஒன்று ஒரே திசையில் ஏறி நின்றால் காற்றாடி மாதிரி ஷட்டில் தன் அச்சில் சுழலும். கையிலிருந்து விட்டு மேலிருந்து பாருங்கள், இடஞ்சுழியாகச் சுற்றும். இடது வலது கலந்தால் அந்தச் சுழற்சி கெட்டு ஷட்டில் தள்ளாடும். இறகு ஒன்று உடைந்தாலும் தள்ளாட்டம் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

வலையோரம் ஷட்டிலை உருட்டிப் போடுகிறோமே, அதில் இந்தச் சுழற்சி வேலை செய்கிறது. ராக்கெட்டை வலமிருந்து இடமாக வெட்டினால் நன்றாக உருளும், இடமிருந்து வலமாக வெட்டினால் அவ்வளவு உருளாது. கற்றுக்கொடுக்கும்போது பிள்ளைகளிடம் ராக்கெட் பிடியை மாற்றச் சொல்வதற்கு முன்னால் இரண்டு திசையிலும் பத்துப் பத்து வெட்டச் சொல்வேன். வித்தியாசத்தைக் கை தானே கண்டுபிடித்துவிடும்.

வளிமகள் எழுதியது:

வலையோர உருட்டலைப் பற்றி ஒரு சொல். ஷட்டில் எப்போதும் கார்க்கை முன்னால் கொண்டுவரப் பார்க்கும், ஏனென்றால் எடை கார்க்கில், காற்றின் பிடி கூம்பில். ராக்கெட் கார்க்கில் பட்டதும் ஷட்டில் இறகு முன்னால் கிளம்பி, கண் இமைப்பதற்குள் புரண்டு நேராகிவிடுகிறது. அப்படிப் புரட்டும் முறுக்கு விசையும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. கிளியரில் வேகம் அதிகம், உடனே நேராகும். வலையோரத்தில் ஷட்டில் ஊர்ந்து போகிறது, புரட்டும் விசை மிகக் குறைவு, ஆகவே பல சுற்று உருண்ட பிறகுதான் அடங்குகிறது. எதிராளி அதற்குள் அடித்தால் ராக்கெட்டில் கார்க் படுமா இறகு படுமா என்று அவருக்கே தெரியாது.

களநடுவர் எழுதியது:

அதே காரணத்தால்தான் சர்வீஸில் இந்த உருட்டலைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது. 1980களின் தொடக்கத்தில் மலேசியாவின் சிடெக் சகோதரர்கள் இறகில் முதலில் படும்படி சர்வீஸ் போட்டார்கள், ஷட்டில் எங்கே போகும் என்று யாராலும் கணிக்க முடியவில்லை. சர்வீஸில் ராக்கெட் முதலில் கார்க்கில்தான் பட வேண்டும் என்ற விதி அதன் பின் வந்தது. 2023இல் டென்மார்க்கின் மார்கஸ் ரிண்ட்ஷோய் விதியை மீறாமலே, விரலால் ஷட்டிலைச் சுழற்றிவிட்டுக் கார்க்கில் அடித்தார். சில மாதங்களுக்குள் அதற்கும் தடை வந்தது. எடுக்கவே முடியாத சர்வீஸ் ஆட்டத்தைச் சாகடித்துவிடும் என்பதால் தடை சரி என்றே நினைக்கிறேன்.

களப்பயிற்சி எழுதியது:

நான் உடன்படவில்லை, சார். கொஞ்ச காலம் விட்டிருந்தால் எடுக்கக் கற்றிருப்பார்கள். என் பிள்ளைகளில் இரண்டு பேர் பயிற்சியில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். ஆனால் விதி விதிதான்.

கூடக்காற்று எழுதியது:

இவ்வளவு பேசியதில் ஒன்று விட்டுப்போனது போலத் தோன்றுகிறது. காற்று நிற்கும் என்று வைத்துக்கொண்டே எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள். குளிர்சாதனம் ஓடும் கூடத்தில் காற்று நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தால் போதும். உயரமாகத் தூக்கிய ஷட்டில் இரண்டு நொடி மேலே இருக்கும், அதற்குள் காற்று அதைத் தன்னோடு ஒரு மீட்டர் வரை தள்ளிக்கொண்டு போய்விடும். சென்ற மாதம் ஒரு போட்டியில் ஒரு பக்கத்திலிருந்து அடித்த கிளியர் எல்லாம் வெளியே, மறுபக்கத்திலிருந்து அடித்தது எல்லாம் குட்டை. பக்கம் மாறியதும் புரியாமல் தொடர்ந்து ஏழு புள்ளி விட்டேன். இப்போது ஆட்டத்துக்கு முன் இரண்டு பக்கத்திலிருந்தும் உயரமாக நான்கு அடித்து, எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

கார்க்முனை எழுதியது:

நேற்று இரவு நானே மாடிப்படிக்குப் போனேன். பின்கோடு செய்ததை அப்படியே செய்யாமல், ஒன்று விட்டு ஒன்றாக 8 இடுக்குகளை மட்டும் அடைத்தேன். டேப்பைத் துண்டு துண்டாக நறுக்கி ஊசிமுனையால் ஒட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்றையும் சேர்த்து விட்டால், பாதி அடைத்தது நடுவில் இறங்குகிறது. முழுக்க அடைத்ததற்குப் பின்னால், திறந்ததற்கு முன்னால். ஒவ்வொரு முறையும் அதே வரிசை.

8 இடுக்கையும் ஒரே பக்கமாக அடைத்தும் பார்த்தேன். அது நேராக இறங்கவில்லை, சுருள் சுருளாக வட்டமடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் மோதியது.

பின்கோடு எழுதியது:

அண்ணா, அந்தச் சுருளைக் காணொளி எடுத்தீர்களா? இல்லையென்றால் ஞாயிறு நானும் வருகிறேன். என்னிடம் தளர்ந்த ஷட்டில் இன்னும் ஒரு குழாய் இருக்கிறது.